படியின் உயரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

(நகரப் போக்குவரத்தில் சமத்துவம் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தியாகராய நகரில் பாண்டி பஜார் எல்லாருக்கும் தெரியும். 2019-ல் அதன் நடைபாதைகளை அகலமாக்கி, நடப்பவர்களுக்கான வளாகமாக மாநகராட்சி மாற்றியது. அங்கே துணி எடுக்கப் போகிற பலருக்கும் அந்தத் தெரு யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது என்பது தெரியாது. பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனின் பெயர் அது. நீதிக்கட்சிக்காரர், 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது அந்த மாவட்டத்துச் சாலைகளில் ஓடியவை தனியார் பேருந்துகள். தாழ்த்தப்பட்ட மக்களை அவற்றில் ஏற்ற மாட்டார்கள். பயணச்சீட்டிலேயே அதை அச்சடித்து வைத்திருந்த முதலாளிகளும் உண்டு. சௌந்தரபாண்டியன் போட்ட உத்தரவு சுருக்கமானது: எல்லாரையும் ஏற்றாத பேருந்துக்கு உரிமம் ரத்து.

முதலாளிகளின் மனம் மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. உரிமம் கொடுக்கிற அதிகாரம் போர்டின் கையில் இருந்தது. அந்த அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்தினார். பேருந்து ஓடியது, ஏறக்கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் ஏறினார்கள்.

இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். போக்குவரத்துத் துறையில் சமத்துவம் என்றால் உடனே நாம் நல்லெண்ணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். ஓட்டுநர் கனிவாக இருக்க வேண்டும், நடத்துநர் மரியாதையாகப் பேச வேண்டும், பயணிகள் ஒருவரையொருவர் மதிக்க வேண்டும் என்கிறோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஒரு மனிதரைப் பேருந்துக்கு வெளியே நிறுத்தி வைப்பது பெரும்பாலும் ஒரு கோப்பில் எழுதிய விதி, அல்லது டெண்டரில் எழுதிய ஓர் அளவு, அல்லது பணிமனைச் சுவரில் ஒட்டிய டியூட்டி சார்ட். அவரை உள்ளே கொண்டுவரும் வழியும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. ஆகவே அந்தக் காகிதத்தை எழுதும் மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதிதான் இன்றைய விருதுநகர் மாவட்டம். சௌந்தரபாண்டியன் உத்தரவு போட்டு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, 1997-ல், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த வீரர் அவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. பல்லவனும் போயிற்று, சேரனும் போயிற்று, சுந்தரலிங்கமும் போயிற்று. ஒரு பெயரை ஏற்க மறுத்தவர்களுக்காக எல்லாப் பெயர்களும் அழிந்தன. அமைதி வேண்டி எடுத்த முடிவு என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் 1930-ஐ ஒட்டிய காலத்தில் ஒரு ஜில்லா போர்டு காட்டிய உறுதியை 1997-ல் ஓர் அரசால் காட்ட முடியவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பேருந்துகளில் நடத்துநர் வேலைக்கு ஆள் போதவில்லை. ஆனாலும் கறுப்பினத்தவரை எடுக்க மாட்டார்கள். 1963-ல் கை பெய்லி என்ற ஜமைக்க இளைஞர் நேர்காணலுக்குப் போனார். நேரில் பார்த்ததும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 30 அன்று பால் ஸ்டீபன்சன் முதலியோர் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 28 அன்று நிர்வாகம் இறங்கி வந்தது. செப்டம்பரில் அந்த நகரத்தின் முதல் வெள்ளையரல்லாத நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். இங்கே தொழிற்சங்கத் தோழர்கள் பலர் இருக்கிறீர்கள், உங்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும்: அந்தத் தடைக்கு நிர்வாகம் மட்டும் காரணம் இல்லை. கறுப்பினத்தவரைப் பேருந்துப் பணியில் சேர்க்கக் கூடாது என்று 1955-லேயே தீர்மானம் போட்டது அங்கிருந்த தொழிற்சங்கப் பிரிவு. அந்தச் சங்கத்தின் வாரிசான யுனைட் அமைப்பு மன்னிப்புக் கேட்டது 2013-ல்.

மான்செஸ்டர் மாநகராட்சியின் போக்குவரத்துத் துறை இன்னும் நாகரிகமாக நடந்துகொண்டது. அங்கே நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சீருடைத் தொப்பி அணிய வேண்டும் என்பது விதி, அவ்வளவுதான். 1959-ல் சாகர் என்ற சீக்கியர் நடத்துநர் வேலைக்கு மனுப் போட்டார். சீருடையின் நிறத்திலேயே தலைப்பாகை கட்டி, அதில் துறையின் சின்னத்தையும் குத்திக்கொள்கிறேன் என்றார். முடியாது என்றார்கள். மாநகராட்சி மன்றம் அந்த விதியைத் தளர்த்தியபோது ஆண்டு 1966. அதற்குள் அவருக்கு வேலையில் சேரும் வயது வரம்பு தாண்டிவிட்டது. தொப்பி விதியை எழுதியவர் சீக்கியர்களை மனத்தில் வைத்து எழுதவில்லை. அவர் எழுதும்போது சீக்கியர் ஒருவரும் அவர் நினைவில் இல்லை, அதுதான் விஷயம். தலைப்பாகை கட்டிய ஒருவர் அந்த மேஜையில் இருந்திருந்தால் ஏழு ஆண்டுகள் போராட வேண்டியிருக்காது.

நம் தொப்பி எது? சில ஆண்டுகளுக்கு முன்புவரை நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் நடத்துநர் ஆக வேண்டுமானால் குறைந்தது 160 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. பார்த்தால் பாகுபாடு இல்லாத விதி. ஆனால் தமிழ்நாட்டுப் பெண்களில் 160 சென்டிமீட்டரைத் தொடுகிறவர்கள் எத்தனை பேர்? இந்த அரங்கத்திலேயே எழுந்து நின்று பாருங்கள். பணியில் இருக்கும்போதே இறந்துபோன தொழிலாளியின் மகள், வாரிசு வேலைக்கு எல்லாத் தகுதியும் இருந்தும், சுவரில் வரைந்த ஒரு கோட்டைத் தலை எட்டவில்லை என்பதற்காகத் திரும்பிப் போக வேண்டும். பிறகு பெண்களுக்கு அதை 150 சென்டிமீட்டராகக் குறைத்து அரசு ஆணையிட்டது. பத்து சென்டிமீட்டர்! அதற்காக எந்தப் பேருந்தும் நிற்கவில்லை, எந்த வசூலும் குறையவில்லை.

ஓட்டுநர் இருக்கையின் கதை இதைவிட நீளம். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-ல் அரசுப் பேருந்து ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார். ஆசியாவிலேயே முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று பத்திரிகைகள் எழுதின. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரை வண்டி ஓட்டினார். 2017-ல் ஓய்வு பெற்றார். அந்த ஓய்வும் செய்தியானது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. கால் நூற்றாண்டு கழித்தும் ஒரு பெண் பேருந்து ஓட்டுவது செய்தியாக இருக்கிறது என்றால், அவர் திறந்த கதவு வழியாக வேறு யாரும் வர முடியவில்லை என்று பொருள்.

ஏன் வர முடியவில்லை? பணிமனைக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். முதல் டிரிப் விடியற்காலை நான்கரை, ஐந்து மணிக்கு எடுக்க வேண்டும். வீடு தூரம் என்றால் முந்தின இரவே வந்து படுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வறை என்பது ஒரு பெரிய கூடம், வரிசையாகக் கட்டில்கள், கொடியில் காயும் லுங்கிகளும் துண்டுகளும், ஒரு மூலையில் குடிநீர்த் தொட்டி. அந்தக் கூடத்தை வரைந்த பொறியாளர் எந்தப் பெண்ணையும் விரட்ட நினைக்கவில்லை. பெண் வருவாள் என்று அவர் நினைக்கவே இல்லை. வழித்தடத்தின் மறுமுனையில் பேருந்து நிலையம் என்ற பெயரில் ஒரு புளியமரமும் டைம் கீப்பரின் மேஜையும் மட்டுமே இருக்கும் இடங்கள் உண்டு. ஆண் ஊழியர் எங்காவது ஒதுங்கிக்கொள்வார். பெண் நடத்துநர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பார். தண்ணீர் குடிக்காததால் வரும் சிறுநீர்த் தொற்று எந்த மருத்துவக் கோப்பிலும் பணியிடக் காயம் என்று பதிவாவதில்லை. கர்ப்பிணி ஊழியர் லைட் டியூட்டி கேட்டால் அது சலுகை, தயவு என்ற பேச்சு எழுகிறது. பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சதவீதம் பணிமனைக்குள் நுழைய ஒரு கழிப்பறையும், பூட்டுப் போட்ட ஓர் அறையும், முதல் டிரிப்பையும் கடைசி டிரிப்பையும் கலந்து பேசிப் போடுகிற ஒரு டியூட்டி சார்ட்டும் வேண்டும்.

இப்போது இன்னொரு மாற்றம் வேகமாக நடக்கிறது. அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை. 2025-லிருந்து சென்னையில் தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. வண்டியைப் பராமரிப்பதும் ஓட்டுநரை வைப்பதும் ஒப்பந்த நிறுவனம். நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியர். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கிறது. புகையில்லாத, சத்தமில்லாத, படி தாழ்ந்த வண்டிகள். அவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் ஓட்டுநர் வேலை கழகத்தின் கையை விட்டுப் போகும்போது கூடவே என்ன போகிறது என்று எண்ணிப் பாருங்கள். 69 சதவீத இடஒதுக்கீடு அரசு வேலைக்கு உண்டு, ஒப்பந்தக்காரரின் வேலைக்குக் கிடையாது. பெண்களுக்கான 30 சதவீதமும் அப்படியே. ஊரில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போன எத்தனையோ பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்தின் காக்கிச் சட்டைதான் முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்தது. அந்த வீட்டில் அடுத்த தலைமுறை பொறியாளர் ஆயிற்று, ஆசிரியர் ஆயிற்று. அந்த ஏணியை ஒரு டெண்டர் ஆவணம் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். எடுக்காமலும் இருக்கலாம். கிலோமீட்டருக்கு எவ்வளவு, பேட்டரி எத்தனை ஆண்டு என்றெல்லாம் பக்கம் பக்கமாக நிபந்தனை எழுதுகிறோம். ஓட்டுநர்களில் பெண்கள் எத்தனை பேர், தாழ்த்தப்பட்ட, பழங்குடிச் சமூகத்தினர் எத்தனை பேர், வருங்கால வைப்பு நிதி கட்டப்படுகிறதா என்பதையும் ஒரு நிபந்தனையாக எழுதத் தடை எதுவும் இல்லை. ஜில்லா போர்டு உரிமத்தைக் கொண்டு செய்ததைக் கழகம் ஒப்பந்தத்தைக் கொண்டு செய்யலாம்.

அடுத்து, கட்டணமில்லாப் பயணம். 2021 மே 8 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் பணம் கொடுக்காமல் போகிறார்கள். பின்னர் திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது விரிவானது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு 888 ரூபாய் என்பது ஏறக்குறைய ஒரு கேஸ் சிலிண்டர்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இந்தப் பெயர்களைச் சொல்லாமல் சென்னையில் போக்குவரத்துச் சமத்துவம் பேச முடியாது. 2000-க்குப் பிறகு நகரின் நடுவே கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய் ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு அப்பால் குடியேற்றினார்கள். வேலை மயிலாப்பூரில், நுங்கம்பாக்கத்தில். ஆண்கள் எப்படியோ போய் வந்தார்கள். காலை ஆறரைக்கு ஒரு வீட்டிலும் ஒன்பதுக்கு இன்னொரு வீட்டிலும் பாத்திரம் துலக்கிய பெண்கள் வேலையை விட்டார்கள். பேருந்துக்குச் செலவு போகக் கையில் ஒன்றும் நிற்காது என்பது ஒரு காரணம், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வீடு திரும்ப முடியாது என்பது இன்னொன்று. முதல் காரணத்தைக் கட்டணமில்லாப் பயணம் தீர்த்தது. இரண்டாவது அப்படியே இருக்கிறது. அலுவலக நேரத்தை வைத்துத்தான் அட்டவணை போடுகிறோம். காலையில் நகரத்துக்குள், மாலையில் வெளியே. பகல் பதினொன்றுக்கு வேலை முடித்துத் திரும்பி, வழியில் ரேஷன் கடையில் இறங்கி, மறுபடி ஏறி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீடு சேர்கிற பெண்ணின் பயணம் அந்த அட்டவணையில் இல்லை. அவள் வெயிலில் நிற்பாள், டீலக்ஸ் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும், சாதாரண வண்டி வராது.

வந்தாலும் நிறுத்தத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்ற புகாரை எல்லா ஊரிலும் கேட்கிறோம். ஓட்டுநரைத் திட்டி முடித்துவிடலாம். அதற்கு முன், அவருடைய வேலையை எதை வைத்து அளக்கிறோம் என்று பாருங்கள். ஓட்டுநரும் நடத்துநரும் காலங்காலமாகக் கேட்டு வளர்ந்த ஒரே கேள்வி, கலெக்‌ஷன் எவ்வளவு? பேட்டா கலெக்‌ஷனைப் பொறுத்தது, பாராட்டு கலெக்‌ஷனைப் பொறுத்தது. ஒரு நாள் காலையில் பயணிகளில் பாதிக்கு மேல் பணம் கொடுக்காதவர்களாகிவிட்டார்கள். ஆனால் பணிமனையில் கேட்கிற கேள்வி மாறவில்லை. அந்தப் பெண்ணுக்கான கட்டணத்தை அரசு கழகத்துக்குக் கொடுக்கிறது. அவள் ஓசியில் போகவில்லை, அவளுக்காகப் பொதுப்பணம் கட்டப்பட்டிருக்கிறது. இதை ஓட்டுநர் தன் சம்பளச் சீட்டில் பார்த்தால்தான் நம்புவார். கட்டணமில்லாச் சீட்டையும் முழுச் சீட்டாகக் கணக்கில் எடுத்து, ஏற்றிய தலைக்கு மதிப்பு என்று வரட்டும். நிறுத்தத்திலேயே வண்டி நிற்கத் தொடங்கும். இன்று மின்னணுச் சீட்டுக் கருவி இருக்கிறது. எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்ற விவரம் நம்மிடம் இதற்கு முன் இருந்ததே இல்லை. அதை அட்டவணை போடுகிறவரின் மேஜைக்குக் கொண்டுபோவதுதான் பாக்கி.

கடைசியாக, நான் தலைப்பில் சொன்ன படி.

நகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கலாம், 650-ல் இருக்கலாம், 400-ல் இருக்கலாம். 900 என்றால் ஏறக்குறைய இடுப்புயரம். முதல் படியே முழங்காலுக்கு வரும். சர்க்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது ஒரு சுவர். மூட்டுவலி உள்ள பாட்டிக்கு, கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு, காய்கறிக் கூடையோடு வரும் வியாபாரிக்கு, புடவை கட்டிய எந்தப் பெண்ணுக்கும் அது தினமும் ஒரு போராட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டமே போக்குவரத்தில் பாகுபாடு கூடாது என்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை இன்னும் தெளிவாகச் சொன்னது. அதற்குப் பிறகும் 900 மில்லிமீட்டர் வண்டிகளை வாங்க அரசு முனைந்தபோது, உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தாழ்தள வண்டி விலை அதிகம், நம் சாலைகளுக்கும் வேகத்தடைகளுக்கும் ஒத்துவராது என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். வழக்கு நீண்டது. 2024 ஆகஸ்ட்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. சட்டம் தெளிவாக இருந்த ஒரு விஷயத்துக்காகக் குடிமக்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது, அதுவும் எல்லாருக்கும் ஏறுவதற்கு எளிதான படி இல்லை.

வண்டி வந்துவிட்டது. ஒரு நிறுத்தத்தில் அது எப்படி வேலை செய்ய வேண்டும் என்று நெருங்கிப் பாருங்கள். ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில் வண்டியை அணைக்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி அந்தப் பக்கமாகச் சற்றுத் தாழும். நடத்துநர் இறங்கி, கதவருகே தரையோடு படிந்திருக்கும் சாய்தளப் பலகையைத் தூக்கி வெளியே விரிக்க வேண்டும். நடைபாதையில் பலகை உட்கார்ந்தால் சரிவு குறைவு, நாற்காலிக்காரர் தன் கையாலேயே உருட்டி ஏறிவிடலாம். உள்ளே நாற்காலிக்கு இடம் இருக்கிறது, கட்டிக்கொள்ளப் பட்டை இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஓரிரு நிமிட வேலை.

ஆனால் நிறுத்தத்தின் முன்னால் மூன்று ஷேர் ஆட்டோ நிற்கிறது. வண்டி நடுச்சாலையில் நிற்கிறது. பலகை தார்ச்சாலையில் விழுகிறது. சரிவு செங்குத்தாகிறது. பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினால்தான் ஏற முடியும். நடைபாதையிலிருந்து சாலைக்கு நாற்காலி இறங்கவே வழியில்லை, ஏனென்றால் நடைபாதை ஓர் அடி உயரம், முனையில் மின்பெட்டி. பின்னால் ஹாரன், உள்ளிருந்து முணுமுணுப்பு. அடுத்த முறை அந்த நபர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். தாழ்தள வண்டியில் யாரும் நாற்காலியோடு ஏறுவதில்லையே, எதற்கு இவ்வளவு செலவு என்று பிறகு ஒரு குறிப்பு எழுதப்படும்.

பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. நடைபாதை மாநகராட்சியுடையது. சில சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஆட்டோவை நகர்த்த வேண்டியவர்கள் போக்குவரத்துப் போலீசார். நால்வரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-லேயே சட்டம் இயற்றினோம். அந்தக் குழுமத்திடமும் கழகத்திடமும் நான் கேட்பது இது. புதிய வண்டிக்கு அளவு எழுதும் குழுவில், நிறுத்தத்துக்கு வரைபடம் போடும் குழுவில், அட்டவணை போடும் குழுவில், சர்க்கர நாற்காலியில் வருகிற ஒருவரும், பார்வையற்ற ஒருவரும், பெரும்பாக்கத்திலிருந்து வேலைக்கு வருகிற ஒரு பெண்ணும், ஒரு பெண் நடத்துநரும் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். கருத்துக் கேட்டு அனுப்பிவிடுகிற அழைப்பாளர்களாக வேண்டாம். வாக்குள்ள உறுப்பினர்களாக, வந்து போகும் நாளுக்குப் படி பெறுகிறவர்களாக. மாதிரி வண்டி வந்ததும் முதலில் அவர்கள் ஏறிப் பார்க்க வேண்டும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் பணம் பட்டுவாடா ஆகக் கூடாது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். அதன் வரைவை இங்கே இருக்கும் மாணவர்களும் தொழிற்சங்கத்தினரும் சேர்ந்து எழுதித் துறைச் செயலாளரிடம் கொடுங்கள். கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.